நானூற்றுப் பன்னிரண்டு பொய்யர்கள்

அழகியமணவாளனுக்கு என்ன வேலை தெரியும் என்பது ஸ்ரீரங்கத்தில் யாருக்கும் விளங்கவில்லை. ரங்கூனில் ஒரு வெள்ளைக்கார இன்ஷூரன்ஸ் கம்பெனியில், ஆக்சுவரி பிரிவில் பதினோரு வருஷம் இருந்தவர் அவர். "ஆக்சுவரின்னா?" என்று கேட்பார்கள். எந்த வயதில் எத்தனை பேர் சாவார்கள் என்று கணக்குப் போட்டு, அதற்குத் தக்கபடி பிரீமியம் எவ்வளவு, கம்பெனி கையிருப்பு எவ்வளவு என்று சொல்கிற வேலை என்று விளக்குவார். மறுநாள் காலையில் யாராவது ஜாதகத்தோடு வந்து நிற்பார்கள். மடப்பள்ளிக் கைங்கர்யக்காரர் ஒருவர் தம் ஆயுசு எவ்வளவு என்று கேட்டார். உங்கள் வயதுக்காரர் ஆயிரம் பேரில் இந்த வருஷம் இத்தனை பேர் போவார்கள், அதில் நீங்கள் உண்டா இல்லையா என்று சொல்ல முடியாது என்றார் இவர். இதைச் சொல்லவா பர்மாவில் சம்பளம் கொடுத்தான் என்று கேட்டுவிட்டு அவர் போய்விட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

அழகியமணவாளன் பிறந்ததே ரங்கூனில். அப்பாதான் ஸ்ரீரங்கத்திலிருந்து கப்பலேறிப் போனவர். பிள்ளை இந்தப் பக்கம் வந்தது ஒரே ஒரு தடவை, கல்யாணத்துக்கு. மற்றபடி காவேரியும் கோபுரமும் அவருக்குக் காலண்டர் படம்தான். ஜப்பான்காரன் குண்டு போட ஆரம்பித்ததும், மனைவி அரவிந்தவல்லியையும் பெண் வேதவதியையும் கூட்டிக்கொண்டு மலை வழியாக நடந்து இந்தியாவுக்கு வந்து சேர்ந்தார். பாதி வழியில் குழந்தைக்கு ஜுரம் கண்டது. ஒன்று தகரப் பெட்டியைத் தூக்க வேண்டும், இல்லையென்றால் குழந்தையைத் தூக்க வேண்டும். பெட்டியை ஒரு மூங்கில் புதருக்குள் வைத்துவிட்டு வந்தார். லண்டன் ஆக்சுவரிப் பரீட்சையின் நான்கு பாகங்களில் இரண்டு பாகம் தேறியதற்கான கடிதங்கள் அந்தப் பெட்டியில் இருந்தன.

வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. மைலாப்பூரில் ஒன்று, மவுண்ட் ரோட்டில் இரண்டு, கோயம்புத்தூரில் ஒன்று என்று கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினார். எல்லோரும் காபி கொடுத்தார்கள், காகிதம் கேட்டார்கள். லண்டனுக்கு எழுதிய மூன்று கடிதத்துக்கும் பதில் இல்லை. கப்பல் மூழ்கியதோ, கட்டடம் எரிந்ததோ, யார் கண்டது? பர்மாவிலிருந்து ஓடி வந்தவர்கள் எல்லோருமே அங்கே மானேஜராக இருந்தோம் என்றுதான் சொல்கிறார்கள் என்று ஒரு கம்பெனியின் தலைமை குமாஸ்தா முகத்துக்கு நேரே சொன்னார்.

இருந்தது மனைவியின் அண்ணா வேதாந்தத்தின் வீட்டில், கீழ உத்தர வீதியில். வேதாந்தம் ஹைஸ்கூல் வாத்தியார். வாரத்துக்கு நாலு வார்த்தை பேசுகிற மனுஷர். ஒரு நாளும் முகம் சுளித்தது கிடையாது. அதுவே இவரை அரித்தது. நாலு வார்த்தை கடிந்து பேசினாலாவது பதிலுக்குக் கோபித்துக்கொள்ளலாம். ரேஷன் அரிசியில் மூன்று பேருக்குக் கூடுதலாக வடிக்கிறார்கள் என்று தெரிந்ததிலிருந்து, இரண்டாம் தடவை சாதம் போட வரும்போது இலையின் மேல் கையை மறித்துப் பழகிக்கொண்டார். கடைசியில் வேதாந்தம்தான் உறையூர் ஜவுளி மொத்த வியாபாரி வீரமலையிடம் சொல்லி, கணக்குப்பிள்ளை வேலை ஒன்றுக்கு ஏற்பாடு செய்தார். அதற்கும் ஆனி மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று கெடு.

அந்தச் சமயத்தில்தான் காவேரிக்கு அக்கரையில் கோட்டைக்குள், தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு மாடியில் நடந்துவந்த சின்ன இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஆள் வந்தது. அதன் செக்ரெட்டரி ஹபீபுல்லா சாயபு. ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை செய்யும் கையிருப்பு மதிப்பீட்டுக்கு வேளை வந்துவிட்டது. பம்பாயில் இருக்கிற ஆக்சுவரிக்கு விவரம் அனுப்ப வேண்டும். தொழில் தெரிந்தவர் ஒருவர் உள்ளூரிலேயே இருந்தால் தேவலை என்று நினைத்தார்.

"காகிதம் இல்லேங்கறீங்க. சரி, வேலையைக் காட்டுங்க" என்றார் ஹபீபுல்லா.

வேலை இதுதான். பாலிசி எடுத்தவர்கள் வயதுக்கு அத்தாட்சியாக ஜாதக நகல் கொடுத்திருந்தார்கள். ஆயிரத்து நானூறுக்கு மேல். விண்ணப்பத்தில் சொன்ன வயதும் ஜாதகத்து வயதும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். வயதைக் குறைத்துச் சொன்னால் பிரீமியம் குறையும். அப்படிக் குறைத்தவர்களுக்குச் சிவப்புப் பென்சிலால் குறி. மூன்று வாரம் கெடு. சரியாக இருந்தால் வேலை நிரந்தரம்.

ஜாதகத்தில் தமிழ் வருஷப் பெயர்தானே இருக்கும்? அழகியமணவாளன் முதல் காரியமாக அறுபது வருஷப் பெயர்களையும் எழுதி, எதிரே இங்கிலீஷ் வருஷத்தை எழுதிக்கொண்டார். விகாரி என்றால் 1899. சார்வரி என்றால் 1900. அட்டையை மேஜை மேல் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர், மூன்று வாரமும் தலை நிமிரவில்லை. ரங்கூனை விட்ட பிறகு முதல் தடவையாக மனுஷராக உணர்ந்தார்.

சிவப்புக் குறி ஏற ஏற அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. நானூற்றுப் பன்னிரண்டு பேர்! எல்லோரும் சரியாக ஒரே ஒரு வயது குறைத்திருந்தார்கள். திருநாமம் பளிச்சென்று இட்டுக்கொண்டு, வயதில் ஒன்றைத் திருடுகிற ஊரா இது என்று நினைத்துக்கொண்டார். பட்டியலில் வேதாந்தத்தின் பெயரும் இருந்தது. விகாரி வருஷம், தை மாதம், பூசம். அன்று ராத்திரி சாப்பிடும்போது மச்சினரின் அமைதியான முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். அந்த வீட்டுச் சாதம் அன்றைக்கு அவருக்குத் தொண்டையில் சிக்காமல் இறங்கியது.

சனிக்கிழமை பட்டியலை ஒப்படைத்தார். ஹபீபுல்லா புரட்டிப் பார்த்து, நம்ம ஏஜென்டுகள் கைங்கரியம் என்று பல்லைக் கடித்தார். குறைத்துச் சொன்னதற்காக வித்தியாசத்தை வட்டியோடு கட்டும்படி எல்லோருக்கும் நோட்டீஸ் அடிக்கச் சொன்னார். கட்டாவிட்டால், நாளைக்குப் பாலிசிதாரர் இறந்தபின் குடும்பத்துக்குப் போகிற தொகையில் பிடித்தம். திங்கட்கிழமை வந்து நியமன உத்தரவை வாங்கிக்கொள்ளுங்கள் என்று கை குலுக்கினார். அழகியமணவாளன் அங்கிருந்து நேரே உறையூர் போய், வீரமலையிடம் ஜவுளிக்கடை வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டே வீடு திரும்பினார். மிதப்பு, வேறென்ன.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வேதாந்தம் மருமாள் வேதவதியைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க மனு எழுதிக்கொண்டிருந்தார். மலைக் காய்ச்சல் விட்டு விட்டு வந்து, ஒரு வருஷம் படிப்பே இல்லாமல் போயிருந்தது அவளுக்கு.

"வேதாவோட ஜனனம்?" என்று கேட்டார்.

"ஸ்ரீமுக வருஷம், மாசி மாசம்" என்றாள் அரவிந்தவல்லி.

வேதாந்தம் யோசிக்காமல் 1934, பிப்ரவரி என்று எழுதினார். எதிரே கூஜாவிலிருந்து தீர்த்தம் சாய்த்துக்கொண்டிருந்த அழகியமணவாளனுக்குக் கை நின்றுவிட்டது. பெண் பிறந்தது 1934-ல்தான். ரங்கூன் ஆஸ்பத்திரி வாசலில் நின்றது நேற்றுப்போல இருக்கிறது. ஆனால் அவருடைய அட்டையில் ஸ்ரீமுகவுக்கு எதிரே 1933 என்றல்லவா இருந்தது!

தமிழ் வருஷம் சித்திரையில் பிறக்கிறது. தை, மாசி, பங்குனி வருவதற்குள் இங்கிலீஷ் வருஷம் மாறிவிடுகிறது. இந்த ஊரில் வேட்டி கட்டத் தெரிந்த எவனுக்கும் தெரிந்த சமாசாரம். இவருக்கும் தெரியாததில்லை, தோன்றவில்லை, அவ்வளவுதான். பதினோரு வருஷம் ஜனவரியையும் டிசம்பரையும் மட்டுமே கட்டிக்கொண்டு அழுத புத்தி. நானூற்றுப் பன்னிரண்டு பொய்யர்களும் மார்கழிக் கடைசிக்கும் பங்குனிக் கடைசிக்கும் நடுவில் பிறந்தவர்கள் என்பதைக் கூடவா கவனிக்கவில்லை? கும்பலில் ஒழுங்கைக் கண்டுபிடிப்பதுதானே இவர் தொழில்?

கொள்ளிடக் கரைப் பக்கம் போய் வெயிலில் அலைந்தார். சொல்லாமல் விட்டால் என்ன? பம்பாய்க்காரர் ஜாதகம் பார்க்கப் போவதில்லை. ஹபீபுல்லாவுக்குச் சந்தேகமே கிடையாது. நாலு பேர் கூச்சல் போடுவார்கள், பாக்கிப் பேர் கம்பெனி சொன்னால் சரியாக இருக்கும் என்று கட்டிவிடுவார்கள். சொன்னால் இந்த வேலை போச்சு. ஜவுளிக்கடையும் போச்சு. இரண்டு பாகம் தேறியவன் என்று இனி எந்த முகத்தோடு சொல்வது? காகிதம் இல்லை என்பது போய், தொழிலும் இல்லை என்று ஆகிவிடும். இப்படியும் அப்படியுமாகப் புரட்டிப் பார்த்ததில் தலை வலித்ததுதான் மிச்சம்.

சாயங்காலம் மனைவியிடம் மட்டும் சொன்னார். அவள் முதலில், யாருக்குத் தெரியப்போறது, பேசாம இருங்கோ என்றாள். சொல்லும்போதே அழுதாள். கொஞ்ச நேரம் கழித்து, அவா பணம் கட்டலேன்னா என்ன ஆகும் என்று கேட்டாள். அந்த மனுஷன் போன பிறகு பெண்டாட்டி கையில் வருகிற தொகையில் குறைப்பார்கள் என்றார் இவர். மறுநாள் காலையில் அரவிந்தவல்லி அவருடைய ஒரே கோட்டை மடித்துக் கையில் கொடுத்து, "போய்ச் சொல்லிட்டு வாங்கோ" என்றாள்.

பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடிய பஸ் காவேரிப் பாலத்தில் மூச்சு வாங்கி நின்றுவிட்டது. மிச்ச தூரத்தை அவர் நடந்தார். மாடியில் ஹபீபுல்லாவின் மேஜைமேல் டைப் அடித்த உத்தரவு தயாராக இருந்தது, கையெழுத்துதான் பாக்கி. அதைப் பார்த்துவிட்டுப் பேசுவதைவிட, பார்க்காமலே பேசிவிடலாம் என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டு அழகியமணவாளன் எல்லாவற்றையும் சொன்னார். பாதியில் நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க மாட்டோம் என்று பயந்து ஒரே மூச்சில் சொன்னார்.

ஹபீபுல்லா பட்டியலை எடுத்து ஒவ்வொரு சிவப்புக் குறியாகப் பார்த்தார். தை. மாசி. மாசி. பங்குனி. தை. பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"யா அல்லாஹ்" என்றார் கடைசியில். "சனிக்கிழமை சாயங்காலமே இருபத்தேழு நோட்டீஸ் தபால்ல போயிடுச்சு சாமி. எல்லாம் சீரங்கம், உறையூர் பார்ட்டிங்க."

ஹபீபுல்லா பட்டியலை மூடி வைத்தார்.

"ஊரெல்லாம் நம்மளைப் பொய்யனுங்கறதுக்கு முந்தி, நாமளே போய்ச் சொல்லிடறதுதான் மரியாதை. நீங்க போங்க. இருபத்தேழு வீட்டுக்கும் நடந்து போங்க. தப்பு உங்களுதுன்னு சொல்லி, நோட்டீஸைத் திருப்பி வாங்கிட்டு வாங்க. இருபத்தேழும் இந்த மேஜைக்கு வரட்டும். அப்பறம் இந்தக் காகிதத்தைப் பத்திப் பேசுவோம்." உத்தரவை எடுத்து டிராயருக்குள் வைத்துப் பூட்டினார்.

அந்த இருபத்தேழில் வேதாந்தத்தின் பெயரும் இருந்தது.

முதலில் அங்கேதான் போயிருக்க வேண்டும். போகவில்லை. முதலில் உறையூர், பிறகு சித்திரை வீதிகள், பிறகு அம்மா மண்டபம் ரோடு என்று வீட்டைச் சுற்றிச் சுற்றியே அலைந்தார். நோட்டீஸைக் கோபத்தில் கிழித்துப் போட்ட ஒருவர், துண்டுகளைக் கூடைக்குள்ளிருந்து இவரையே பொறுக்கிக்கொள்ளச் சொன்னார். ஒரு பட்டாச்சாரியார், எழுபது வயதுத் தகப்பனார் முன்னால் என்னைத் திருடனாக்கிவிட்டீரே என்று கேட்டுவிட்டு, உள்ளே கூப்பிட்டு மோர் கொடுத்தார். திட்டுகளைவிட அந்த மோர்தான் அவருக்கு அதிகம் வலித்தது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் தன் பெயரைச் சொல்லி, தப்பு என்னுடையது என்று சொன்னார். புதன்கிழமைக்குள் அந்த வார்த்தை வாயில் பழகிவிட்டது. சொந்த வீட்டில் மட்டும் வரவில்லை.

வேதாந்தமோ வழக்கம்போல ஸ்கூலுக்குப் போனார், வந்தார், சாப்பிட்டார், பேசாமல் இருந்தார். கடிதம் வந்ததா, தபாலில் தவறியதா என்று முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் பையில் இருபத்தாறு நோட்டீஸ் சேர்ந்துவிட்டது. கூடத்தில் மச்சினர் பரீட்சை நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தார்.

"வேதாந்தம், உங்களுக்குக் கம்பெனிக் கடுதாசி ஏதாவது வந்ததா?"

"கடுதாசியா? இல்லையே" என்றார் வேதாந்தம் தலை நிமிராமல்.

வரவில்லை என்றால் தப்பித்தோம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. ஆனால் இருபத்தாறு வாசலில் சொன்னதை இருபத்தேழாவதில் விழுங்க முடியவில்லை.

"வந்தா அதை நம்பாதேங்கோ. நீங்க வயசைக் குறைச்சுட்டேள்னு எழுதியிருக்கும். அது என் தப்பு. தை மாசத்தை நான் முந்தின வருஷத்துல போட்டுட்டேன். உங்க வயசு சரி. இருபத்தேழு நோட்டீஸையும் திருப்பி வாங்கிண்டு வந்தாத்தான் வேலையைப் பத்திப் பேசுவேன்னுட்டார் சாயபு."

வேதாந்தம் பென்சிலை வைத்தார். எழுந்து உள்ளே போய், பஞ்சாங்கத்துக்குள்ளிருந்து ஒரு கடிதத்தை எடுத்து வந்து கொடுத்தார். கூடவே ஒரு மணியார்டர் ரசீது குத்தியிருந்தது. திங்கட்கிழமைத் தேதி. பத்தொன்பது ரூபாய் சொச்சம். அவர் மாதச் சம்பளத்தில் அது எவ்வளவு என்று அழகியமணவாளனுக்குக் கணக்குப் போடாமலே தெரிந்தது.

"கட்டிட்டேளா? உங்க வயசு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாம என்ன? ஆனா தப்புன்னு நான் அங்க போய்ச் சொன்னா, மொதல் வாரமே உங்க வேலைக்கு ஆபத்தில்லையோ" என்றார் வேதாந்தம்.

அழகியமணவாளனுக்குக் கண் நிரம்பிவிட்டது. ரங்கூனை விட்ட நாளிலிருந்து அவர் இப்படி உடைந்ததில்லை.

"உங்க பேர்ல சிவப்புக் குறி போட்டது நான்தான். போடும்போது எனக்கு ஆச்சரியமாக்கூட இல்லை வேதாந்தம். இந்த மனுஷனும் இப்படித்தானான்னு சிரிச்சேன். சிரிச்சுண்டே உங்காத்துச் சாதத்தைச் சாப்பிட்டேன்."

வேதாந்தம் திருத்தாத நோட்டு ஒன்றை எடுத்துப் பிரித்தார்.

"நாளைக்குக் காலம்பற சீக்கிரமே போய்க் குடுத்துட்டு வாங்கோ. சாயபு மனசு மாறிடப் போறார்" என்றார்.