குளிசைகளை எண்ணிய வாரங்கள்

ஒரு கால் மட்டும் வீங்கினால் சந்தேகப்படுங்கள். இதை வாசிக்கும் உங்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது அதுதான்.

என் கணவர் திருகோணமலைக்கும் கொழும்புக்கும் இடையில் பஸ் ஓட்டுபவர். இடது கால் வீங்கியபோது, கிளட்ச் மிதித்த நோவு என்றார். நான் நம்பவில்லை. நோவை மறைப்பதில் அவர் கெட்டிக்காரர். கெண்டைக்காலைத் தொட்டேன், சுட்டது. எண்ணெய் பூசி உருவிவிடச் சொன்னார். நான் மறுத்து, எங்கள் ஊரான உப்புவெளியிலிருந்து ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

ஸ்கான் பார்த்த டொக்டர், ஆழ்நாளக் குருதியுறைவு (தசைக்குள் ஆழமாக ஓடும் நாளத்தில் இரத்தம் கட்டியாக உறைவது) என்றார். உருவியிருந்தால் கட்டி கழன்று நுரையீரலை அடைத்திருக்கக்கூடும் என்றும் சொன்னார். என் சந்தேகப் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

முதலில் ஊசி. பிறகு வாஃபரின் (இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும் குளிசை). இரத்தத்தை ஐதாக்கும், நீர்க்கச் செய்யும் குளிசை என்று வார்ட்டில் சொன்னார்கள். கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் ஐ.என்.ஆர். (இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தை அளக்கும் சோதனை) பார்த்தார்கள். குளிசையைக் கூட்டியும் எண் வேண்டிய மட்டுக்கு ஏறவில்லை.

கிளினிக் டொக்டர் இளம்பெண். கொப்பியைப் பார்த்தபடியே கேட்டார்.

"ஐயா, குளிசைய ஒழுங்காப் போடுறீங்களா?"

"ஓம் டொக்டர்."

அந்த ஓமில் எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவர் குளிக்கப் போகும்போதெல்லாம் குளிசை உறையைத் திறந்து எண்ணினேன். கணக்குச் சரியாகவே இருந்தது. அப்படியானால் எடுத்து எறிகிறார் என்று கிணற்றடி வாய்க்காலைப் போய்ப் பார்த்தேன். விழுங்கியதும் வாயைத் திறந்து காட்டச் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். கட்டி நெஞ்சுக்குப் போய்விடுமே என்ற பயம் என்னை அப்படி ஆக்கியிருந்தது.

அடுத்த முறை டொக்டர் என் பக்கம் திரும்பினார்.

"அம்மா, வீட்டில என்ன சமைக்கிறனீங்கள்?"

"ஒவ்வொரு நாளும் கீரைதான் டொக்டர். முருங்கையிலை, வல்லாரை, பொன்னாங்காணி. இரத்தம் ஐதாகுது எண்டாங்கள். அதான், இரத்தம் ஊறட்டும் எண்டு." பெருமையாகத்தான் சொன்னேன்.

அவர் பேனாவை வைத்தார். "கீரையில இருக்கிற விற்றமின் கே இரத்தம் உறைய உதவும். குளிசை ஒரு பக்கம் இழுக்க, நீங்கள் மற்றப் பக்கம் இழுத்திருக்கிறீங்கள். கீரைய நிப்பாட்டச் சொல்லேல்ல. கொஞ்சமா, எப்பவும் ஒரே அளவாக் குடுங்கோ."

வெட்கத்தில் எனக்கு உடம்பு கூசியது. திரும்பும் வழியில் பஸ்ஸில் கணவரிடம் சொல்லிவிட்டேன்.

"நீங்கள் எறியிறீங்கள் எண்டு நினைச்சனான். எண்ணிப் பாத்தனான்."

"தெரியும்."

"கோபம் வரேல்லயா?"

"வந்தது." என்றார், கடலைப் பார்த்தபடி. "கீரை எனக்குத் தொண்டையால இறங்காது. நீர் பயந்துபோய் இருந்தீர். அதான் சாப்பிட்டனான்."

அடுத்தடுத்த சோதனைகளில் எண் ஏறி நின்றது. வீக்கமும் வற்றியது. எங்கள் நாட்கள் இப்போது ஒரு சோதனையிலிருந்து மறு சோதனைக்கு நகர்கின்றன. சட்டியில் கீரை போடும்போது அவருடைய இரத்தத்துக்குள்ளேயே கை விடுவதுபோல் இருக்கிறது. ஒரு பிடி அள்ளியதும் சந்தேகம் வந்துவிடும். குசினி வாசலுக்கு அவரைக் கூப்பிட்டு, போதுமா என்று கையை விரித்துக் காட்டுவேன்.

"காணும்" என்பார்.