இசைத்தட்டில் இரண்டாம் குரல்

கல்லூரியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் ஏரல்காரி. நான் தச்சநல்லூர். இரண்டு பேரும் சேர்ந்து பாட ஆரம்பித்தது கல்லூரி விழாவில்தான். சினிமாப் பாட்டும் இல்லை, சாமிப் பாட்டும் இல்லை. டவுன் பஸ் கூட்டம், பெண் பார்க்க வருகிறவர்கள், மழையில் நனைந்த தாவணி என்று நாங்களே எழுதி, கிதாருக்கு மெட்டுப் போட்ட பாட்டுகள். அவள் மேலே பாடுவாள். நான் கீழே, கொஞ்சம் கரகரப்பாக.

ஜங்ஷனில் கேசட் கம்பெனி வைத்திருந்த அண்ணாச்சி, கோயில் கொடைத் திருவிழாப் பாட்டுகளாகவே போட்டுக்கொண்டிருந்தவர். எங்கள் பாட்டைக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"இது கொடைக்கும் ஓடாது, கல்யாண வீட்டுக்கும் ஓடாது பிள்ளைகளா. ஆனா கேக்க நல்லாத்தான் இருக்கு."

கடை மாடியில் எங்கள் குரல்களைத் தனித்தனியாகப் பதிவு செய்தார்கள். குறுக்குத்துறைப் படித்துறையில் எங்களை நிற்கவைத்து ஒரு படம் எடுத்தார்கள். கேசட் அட்டையில் அதுதான். அண்ணாச்சி சொன்னதற்கு மாறாக அது ஓடியது. ஏரல் பஸ்ஸில் எங்கள் பாட்டைக் கேட்டு வாயசைத்த பெண்களுக்கு, பின் சீட்டில் நாங்கள்தான் உட்கார்ந்திருக்கிறோம் என்று தெரியாது.

படிப்பு முடிந்தது. அவள் சென்னைக்குப் போய் சினிமாவில் கோரஸ் பாடினாள். நான் கல்யாணம் செய்து, பள்ளிக்கூடத்தில் டீச்சரானேன்.

சில வருடங்களில் அண்ணாச்சி அதையே சிடியாகப் போட்டார். அட்டையில் யாரோ இரண்டு மாடல் பெண்கள் ஜீன்ஸ் போட்டுச் சிரித்தார்கள். நேரில் போய்க் கேட்டேன்.

"பழைய படம் எடுபடாதும்மா. குரலு உங்க குரல்தான? அதை மாத்தலையே" என்றார்.

சென்னைக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவள் கொதித்துப்போனாள். "நம்மள ஒரு வார்த்தை கேக்க வேண்டாமாட்டி?" என்று கத்தினாள்.

அண்ணாச்சி காலமான பிறகு, மூல டேப்புகளை அவர் மகன் ஒரு சென்னைக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டான். எனக்கு அது தெரியாது. போன தீபாவளிக்குப் பெங்களூரிலிருந்து வந்த என் மகள், பெரிய சதுர அட்டை ஒன்றைப் பிரித்துக் காட்டியபோதுதான் தெரிந்தது. இப்போது பழையபடி இசைத்தட்டு வாங்குவது இளவட்டங்களுக்குப் பிடித்திருக்கிறதாம். அட்டையில் குறுக்குத்துறைப் படம், அதற்குக் கீழே எங்கள் இருவர் பெயரும்.

"அம்மா, நீ இவ்வளவு அழகா!" என்று சொல்லிவிட்டு, தான் கொண்டுவந்த சின்ன பிளேயரில் தட்டைச் சுழலவிட்டாள்.

முதல் சரணம் ஏரல்காரியின் குரல். இரண்டாவது என்னுடையது. கீழே இறங்கி, கரகரப்பாக வந்தது. இரண்டு வரி கேட்பதற்குள் புரிந்துவிட்டது. அது நான் இல்லை. அவளே தன் குரலைத் தணித்துப் பாடியிருந்தாள். நான் மூச்சு வாங்கும் இடத்தில் அவளும் மூச்சு வாங்கினாள்.

மகளுக்குக் கண் கலங்கியிருந்தது. "உன் குரல் என்னமா இருக்கும்மா! ஏம்மா பாடுறத விட்ட?"

அடுப்பில் எண்ணெய் காய்கிறது என்று சொல்லி எழுந்து போனேன்.

மறுநாள் மாடிக்குப் போய் ஏரல்காரிக்குப் போன் செய்தேன்.

"டேப்புல உன் குரல் மட்டும் பூசணம் பிடிச்சுப் போச்சுன்னு சொன்னாவ. அதான் நானே பாடினேன்" என்றாள்.

"என்னைக் கூப்பிட்டா வந்து பாடியிருப்பேன்லா?"

"நீ பாடி எத்தனை வருசம் ஆச்சுட்டி? அவுக அவசரப்படுத்தினாவ. உன் படத்தையும் பேரையும் போடச் சொல்லிச் சண்டை பிடிச்சதே நான்தான்."

நான் நன்றி சொல்வேன் என்று எதிர்பார்த்தாள் போலிருக்கிறது.

"ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியலட்டி" என்றாள். அதில் ஒரு பெருமை இருந்தது. போனை வைத்துவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து கம்பெனியிலிருந்து ஒரு தம்பி பேசினான். கேசட்டின் மறுபக்கப் பாட்டுகளை இரண்டாவது தட்டாகப் போடுகிறார்களாம், வேறு பழைய படம் இருந்தால் அனுப்ப வேண்டுமாம்.

"அதுலயும் அவதான் ரெண்டு குரலும் பாடியிருக்காளா?"

தயங்கி, "ஆமா மேடம்" என்றான்.

"அப்போ என் படமும் வேண்டாம், பேரும் வேண்டாம்."

விட்டுவிட்டால் போதும் என்பது போல உடனே சரி என்றான். தட்டு அவள் பெயரில் மட்டும் வந்தது. பாட்டு எழுதியதும் அவள் என்றே போட்டிருந்தார்கள். கம்பெனியில் கேட்டுப் பார்த்தேன். பெயர் வேண்டாம் என்று நான்தான் சொன்னேனாம்.

அதைக் கடையில் பார்த்த மகள் கோபத்தோடு போன் செய்தாள். "உன் பேரே இல்லையேம்மா! நீ சும்மாவா இருக்க?" அப்போதுதான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.



"அப்போ தீபாவளிக்கு நான் கேட்டு அழுதேனே, அது உன் குரல் இல்லையாம்மா?"

"அது அவ" என்றேன்.