மூடியில்லாத தொட்டி

நான் ஒன்றியக் கவுன்சிலராக இருந்த காலத்தைப் பற்றி யாராவது கேட்டால், எனக்கு முதலில் நினைவுக்கு வருவது பிரியாணி வாசனைதான்.

எங்கள் ஒன்றியம் அரியலூர் மாவட்டத்தில் இருக்கிறது. பெயர் வேண்டாம். நானும் என் வீட்டுக்காரரும் ஊரில் மாவு மில் நடத்துகிறோம். எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கியபோது கட்சிக்காரர்கள் இவரிடம்தான் வந்தார்கள். அக்காவை நிற்க வையுங்கள், மற்றதை நீங்கள் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். இவர், "நிக்கப்போறது அவ. அவகிட்டயே கேளுங்க" என்று சொல்லிவிட்டு மெஷினைப் போட்டுவிட்டார். நான் நின்றேன். மில்லுக்கு வராத பெண்கள் எங்கள் சுற்றுவட்டாரத்தில் குறைவு. அதனால் ஜெயித்தேன்.

ஜெயித்த புதிதில் எங்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். ஒன்றியத்துக்கு வரும் பணத்தை எதற்குச் செலவு செய்வது என்று கவுன்சில் கூடித் தீர்மானம் போட வேண்டும், தீர்மானம் இல்லாமல் பொது நிதியைத் தொட முடியாது என்றார்கள். ரோடு, பள்ளிக்கூடக் கட்டடம், சுடுகாட்டுப் பாதை, குடிதண்ணீர் எல்லாம் எங்கள் கையில் என்றார்கள். ஒன்றியத்தின் இலக்குகள் என்று சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தது. அதில் ஒரு பெண் குழந்தை குழாயில் கை வைத்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். அன்று மாலை பஸ்ஸில் வரும்போது எனக்கு ஏதோ பெரிய வேலை கிடைத்துவிட்டது போலப் பெருமையாக இருந்தது.

முதல் கூட்டத்திலேயே அது போய்விட்டது. எங்கள் சேர்மனும் பெண்தான், என்னைவிட வயதில் சின்னவர். அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டு அவருடைய கணவர் உட்கார்ந்திருந்தார். அவர் கவுன்சிலர் இல்லை, ஒன்றும் இல்லை. ஆனால் பேசியதெல்லாம் அவர்தான். மற்ற பெண் கவுன்சிலர்களின் கணவர்களும் பின்வரிசையில் இருந்தார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் வெளியே டீக்கடையில் நின்றார். கிளார்க் தீர்மானங்களை மூச்சு விடாமல் வாசித்தார். முடித்ததும் சேர்மன் வீட்டுக்காரர், "ஆல் பாஸ்" என்றார். எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். உடனே பிரியாணி பொட்டலம் வந்தது. கிளார்க் வாசித்ததில் பாதி புரியாமல் நான் கையில் பொட்டலத்தோடு நின்றேன்.

என் வார்டில் காலனித் தெருவுக்கென்று ஒரு மேல்நிலைத் தொட்டி உண்டு. அதன் சிமெண்டு மூடி எப்போதோ உடைந்து விழுந்துவிட்டது. ஊராட்சித் தலைவரைக் கேட்டால், வருகிற பணம் கரண்ட் பில்லுக்கே சரியாகிவிடுகிறது, ஒன்றியத்தில் கேளுங்கள் என்றார். ஒன்றியத்தில் கேட்டேன். அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்றார்கள். அடுத்த கூட்டத்தில் கேட்டேன். நிதி இல்லை என்றார்கள். அதே கூட்டத்தில் கவுன்சில் ஹாலுக்கு ஏசி போடவும் புதுக் கூரை அலங்காரம் செய்யவும் தீர்மானம் வாசிக்கப்பட்டது. ஆல் பாஸ். அந்த வேலைகள் யாருக்குப் போகும், யார் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை எனக்குப் பின்னாலேயே, வெற்றிலை பாக்கு வாங்குவதைப் பேசுவது போலச் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கோடையில் காலனித் தெருப் பெண்கள் ஒரு நாள் காலையில் குடத்தோடு மில்லுக்கு வந்தார்கள். தண்ணீரில் நாற்றம் அடிக்கிறது என்றார்கள். முகர்ந்து பார்த்தேன். குடத்தைக் கீழே வைத்துவிட்டேன். தொட்டி ஆபரேட்டரை மேலே ஏறிப் பார்க்கச் சொன்னோம். ஏறியவர் இறங்கி வந்து வேலியோரம் போய் வாந்தி எடுத்தார்.

நானே பார்க்க வேண்டும் என்று தோன்றியது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இரும்பு ஏணியில் ஏறினேன். உள்ளே ஒரு குரங்கு செத்து மிதந்துகொண்டிருந்தது. வெயிலில் ஊதிப்போய், முடி கழன்று, தண்ணீரெல்லாம் அதன் முடி. எத்தனை நாளாகக் கிடந்ததோ தெரியவில்லை. முந்தின நாள்தான் அந்தத் தெருவில் ஒரு வீட்டில் டீ குடித்துவிட்டு வந்திருந்தேன்.

தெருவில் பாதி வீடுகளில் வயிற்றுப்போக்கு. பிள்ளைத்தாய்ச்சிப் பெண் ஒருத்தியை அரியலூர் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து குளுக்கோஸ் ஏற்றினார்கள். யார் உயிருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தப் பெண் என்னைப் பார்த்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவள் எனக்கு ஓட்டுப் போட்டவள்.

அடுத்த கூட்டம் புது ஏசியில் நடந்தது. கிளார்க் வாசித்து முடிப்பதற்குள் நான் எழுந்தேன். நடந்ததைச் சொன்னேன். சேர்மன் வீட்டுக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கொரங்கு போயி வுழுந்ததுக்குக் கவுன்சில் என்னம்மா பண்ணும்? அதுக்கும் ஒரு தீர்மானம் போட்டு, வுழாதன்னு சொல்லிடுவமா?" என்றார்.

சிரித்தார்கள். பின்வரிசைக் கணவர்கள் மட்டுமல்ல, கவுன்சிலர்களும் சிரித்தார்கள். என்னோடு பயிற்சிக்கு வந்த பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். தொட்டிக்குள் பார்த்தது அப்போது மறுபடியும் என் கண்ணில் வந்து நின்றது.

"நான் உங்களக் கேக்கல. சேர்மன் அவங்க. அவங்க சொல்லட்டும்" என்றேன்.

சேர்மன் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். வாய் லேசாகத் திறந்தது. பிறகு மேஜையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். "பாத்துக்கலாம், ஒக்காருங்க" என்றார் அவருடைய கணவர்.

நான் உட்காரவில்லை. இன்றைக்கு வாசித்த செலவுகளில் எனக்குச் சம்மதம் இல்லை, அதை எழுதிக்கொள்ளுங்கள் என்று ஒன்றிய அதிகாரியான பி.டி.ஓ.விடம் சொன்னேன். அவர் கிளார்க்கைப் பார்த்தார். அந்த ஒன்றியத்தில் அப்படி யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. பிறகு எழுதச் சொன்னார். வாசலில் பிரியாணி அண்டா இறங்கிக்கொண்டிருந்தது. அதைத் தாண்டிப் போகும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு போனேன்.

வண்டியில் வரும்போது இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இவர் இரண்டொரு நாளில் மில்லில் கிடந்த பழைய இரும்புத் தகட்டை வெட்டி, தெரிந்த வெல்டிங் பட்டறையில் கொடுத்துக் கீலும் பூட்டும் வைத்து ஒரு மூடி செய்து வந்தார். காலனித் தெரு ஆண்கள் கயிறு கட்டி மேலே ஏற்றினார்கள். தொட்டியைக் கழுவி, மருந்து போட்டு, மூடியைப் பொருத்தினோம். ஒரு கவுன்சில் செய்ய வேண்டியதை ஒரு மாவு மில்காரர் செய்தார் என்பதில் எனக்குச் சந்தோஷம் எதுவும் இல்லை. எரிச்சல்தான் இருந்தது.

அதற்குப் பிறகுதான் உச்சம். ஒரு வாரம் கழித்துத் தொட்டிக்குக் கீழே பெரிய ஃபிளெக்ஸ் ஒன்று நின்றது. தொட்டிக்குப் புதிய மூடி அமைத்துத் தந்த எங்கள் அண்ணனுக்கு நன்றி என்று போட்டு, சேர்மன் வீட்டுக்காரர் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். சேர்மன் படம் அதில் பாதி அளவு. அடியில் ஓரத்தில் என் படமும் இருந்தது, வேட்புமனுவுக்கு எடுத்த படம். அவரோடு ஒரே துணியில் என் முகம் இருப்பதைப் பார்க்க உடம்பு கூசியது. இவரிடம் சொல்லி அன்றைக்கே அவிழ்க்க வைத்தேன். அது நல்ல கனமான ஃபிளெக்ஸ் என்று காலனித் தெருவில் ஒரு வீட்டில் வாங்கிக்கொண்டு போய், முந்திரிக்கொட்டை காயவைத்தார்கள்.

எங்கள் பதவிக்காலம் முடிந்து கொஞ்ச நாள் ஆகிறது. அடுத்த தேர்தல் இன்னும் நடக்கவில்லை. இப்போது அதிகாரிகளே கையெழுத்துப் போடுகிறார்கள். பிரியாணி உண்டா என்று தெரியவில்லை.

போன மாதம் ஜெயங்கொண்டத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். பழைய சேர்மன் ஏறினார். தனியாக வந்திருந்தார். என்னைப் பார்த்ததும் தயங்கி, பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வீட்டைப் பற்றி, மில்லைப் பற்றிக் கேட்டார். கொஞ்ச தூரம் போனதும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அன்னக்கி நீங்க என்னயக் கேட்டப்ப நான் பேசணும்னுதான் நெனச்சேங்கக்கா. அவரு மேஜைக்கு அடியில என் காலச் செருப்போட மிதிச்சிட்டாரு. கூட்டம் முடியிற வரைக்கும் எடுக்கல."

அவருக்காக வருத்தப்பட வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. கொஞ்சம் வருத்தமும் வந்தது. ஆனால் அதையும் மீறி, அந்த ஹாலில் மேஜைக்கு மேலே தீர்மானமும் கீழே அந்தச் செருப்பும் இருந்ததை நினைக்க அருவருப்பாக இருந்தது.

அவரே மறுபடி பேசினார். "பொம்பளைங்க ஜெயிச்சா வூட்டுக்காரங்க கூட்டத்துக்கு வரக்கூடாதுன்னு இப்ப கண்டிசனா சொல்றாங்களாமே அக்கா?"

"அப்பவும் அப்படித்தான் சொன்னாங்க" என்றேன்.

அவர் தன் நிறுத்தம் வந்ததும் போயிட்டு வரேன் என்று சொல்லிவிட்டு இறங்கினார். இறங்கும் இடத்தில் அவருடைய கணவர் பைக்கோடு காத்திருந்தார். என்னை ஜன்னலில் பார்த்துவிட்டு, ஃபிளெக்ஸில் கும்பிட்ட அதே மாதிரிக் கும்பிட்டார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.