கூரைக்கு ஒரு குளியல் தொப்பி

கப்பலின் குழாய்க்காரர் எப்போதும் சிரித்துப் பேசுகிற ஆள். அன்று காலை அவர் சிரிக்கவில்லை. கையிலிருந்த பிளாஸ்டிக் வாளியைத் துண்டண்ணனின் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"மோந்து பாருங்கண்ணே."

"காலங்காத்தால ஏன்யா படுத்தற?"

"பாருங்கங்கறேன்ல."

வாளியின் அடியில் கறுப்பாக, சேறு போல ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. துண்டண்ணன் குனிந்து முகர்ந்தார். காபி.

"உங்க காரிடார் டாய்லெட் குழாய்லேர்ந்து எடுத்தது. இது வீட்டுக் குழாய் இல்ல, தண்ணிய ஊத்தித் தள்ளிவிட. காத்து உறிஞ்சற குழாய். இதுல காபித்தூளக் கொட்டினா கல்லு மாதிரி இறுகிடும். உங்க ஆளுங்கள்ல யாரோ ரூமுக்குள்ளயே காபிக்கடை போட்டிருக்காங்க. யாருன்னு பாத்து வைங்க. இன்னொரு தடவை அடைச்சா நான் நேரா மேடம்கிட்டதான் போவேன்."

மேடம் என்பது அறைப் பணியாளர்கள் எல்லாருக்கும் மேலதிகாரி.

துண்டண்ணன் பயணிகளின் அறைகளைப் பார்த்துக்கொள்கிறவர். படுக்கை விரிப்பது, கழிப்பறை தேய்ப்பது, குப்பை எடுப்பது, மாலையில் துண்டை மடித்து யானையாகவோ முயலாகவோ படுக்கையின் மேல் உட்கார்த்திவைப்பது, இதெல்லாம் அவர் வேலை. கடலுக்கு வருவதற்கு முன் ஒரு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இருந்தவர். துணியைத் தொட்டாலே அது எத்தனை முறை வெந்தது என்று சொல்லிவிடுவார். யானை மடிக்க யாரும் அவருக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. வேறொருவர் செய்துவைத்த யானையைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துத் தானே கற்றுக்கொண்டார். அதன் பிறகு அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மற்ற எல்லாருக்கும் அவர் துண்டண்ணன்.

அவர் வேலை செய்யும் தளத்துக்குத் தலைமைப் பணியாளர் ஒருவரை எடுக்கப்போகிறார்கள் என்ற பேச்சு இந்தப் பயணத்தில்தான் உறுதியானது. பதவி பெரிதில்லை. ஆனால் அதில் இருப்பவருக்கு ஒன்பது மாதம் கடல் கிடையாது, ஆறு மாதம்தான். அடுத்த வருடம் மகள் பள்ளி முடிக்கப்போகும் வருடம். அந்த ஒரு வருடமாவது அவள் படிக்கும்போது பக்கத்து அறையில் இருக்க வேண்டும் என்பது துண்டண்ணனின் ஆசை. மனைவியோ அது கிடைத்தேவிட்டது போல அவருக்காக வீட்டில் ஒரு அலமாரியைக் காலி செய்து வைத்திருந்தாள். மேடத்தின் சோதனைதான் பாக்கி. மேடம் அவரைவிட வயதில் சின்னவர். ஆனால் அவர் விரலால் தடவிப் பார்த்த ஜன்னல் விளிம்பை மறுபடி துடைக்காமல் விட யாருக்கும் தைரியம் வராது.

இந்த நேரத்தில்தானா காபி.

யார் என்று கண்டுபிடிக்கத் துண்டண்ணன் அலையவில்லை. குளியல் தொப்பி நினைவுக்கு வந்துவிட்டது. மூலை அறையில் ஒரு கணக்கு டீச்சரும் அவர் கணவரும் இருந்தார்கள், இருவருமே ஓய்வு பெற்றவர்கள். டீச்சர் முடியைக் காதளவுக்கு வெட்டியிருப்பவர், கணவருக்கோ தலை வழுக்கை. அந்த அறையிலிருந்து தினமும், "தம்பி, குளிக்கிற தொப்பி இன்னும் ரெண்டு குடுங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பயணிகள் சோப்பு முதல் பேனா வரை அள்ளிக்கொண்டு போவது வழக்கம்தான். ஊரில் கொடுப்பதற்காக இருக்கும் என்று நினைத்து அவரும் கொடுத்துவிட்டு மறந்துபோனார். தொப்பியே தேவைப்படாத இரண்டு பேர் அதைக் கேட்டார்கள் என்றால் அந்த அறையில்தான் ஏதோ திருட்டுத்தனம் நடக்கிறது என்று இப்போது பட்டது.

அவர்கள் சாப்பிடப் போனதும் கதவைத் திறந்தார். காபி வாசம் ஆளைத் தூக்கியது. மேசை சுத்தம், குப்பைக்கூடை சுத்தம். கெட்டிக்காரர்கள். பிறகு தற்செயலாக நிமிர்ந்து பார்த்தார்.

கூரையில் இருந்த புகை கண்டுபிடிக்கும் கருவிக்கு யாரோ குளியல் தொப்பி மாட்டியிருந்தார்கள். சுற்றிலும் ரப்பர் இறுக்கமாக, ஒரு சுருக்கம்கூட இல்லாமல், குழந்தைக்கு மாட்டியது போல அழகாக.

பயணியின் படுக்கையில் பணியாளர் உட்காரக் கூடாது. துண்டண்ணன் உட்கார்ந்துவிட்டார். கப்பலில் மன்னிக்கவே மாட்டார்கள் என்றிருக்கும் குற்றங்களில் முதல் வரிசையில் இருப்பது புகைக்கருவியை மூடுவது. நடுக்கடலில் தீப்பிடித்தால் ஓடிப்போய் நிற்கத் தெரு கிடையாது. தெரிந்தால் அவர்களை அடுத்த துறைமுகத்தில் பெட்டியோடு இறக்கிவிடுவார்கள். இறக்கிவிட்டு, "தினமும் இந்த அறைக்குள்ள போனவன் யாரு, அவன் கண்ணு எங்க போச்சு" என்று கேட்பார்கள்.

தொப்பியைக் கழற்றினார். பல் துலக்கும் குவளைக்குள், தூரிகைகளுக்கு நடுவில், தண்ணீர் கொதிக்கவைக்கும் மின்கம்பிச் சுருள் ஒன்று சாதுவாக நின்றுகொண்டிருந்தது. அதையும் எடுத்துக்கொண்டு அறையிலேயே காத்திருந்தார்.

டீச்சர் உள்ளே வந்தார், துண்டண்ணனின் கையைப் பார்த்தார். முகம் கொஞ்சமும் மாறவில்லை.

"துடைச்சிட்டீங்களா? இல்லன்னா கறை பிடிச்சிடும்."

"அம்மா, இது எப்படி உள்ள வந்துச்சு? கப்பல் ஏறும்போது பையெல்லாம் மிஷின்ல போட்டுப் பார்ப்பாங்களே."

"பார்த்தாங்க. கெட்டில பிடுங்கிட்டாங்க. அதுக்குத்தான் கெட்டில மேலயே வச்சேன். முப்பது வருஷம் பரீட்சை ஹால்ல நின்னவ நான். காப்பியடிக்கிற பையன் ஒரு பிட்ட நாம பிடிக்கிற மாதிரி வச்சிட்டு, ரெண்டாவது பிட்ட பத்திரமா வச்சிருப்பான். முதல் பிட்டப் பிடிச்ச சந்தோஷத்துல வாத்தியார் போயிடுவார்."

"சரி, அந்தத் தொப்பி?"

டீச்சர் கணவரைப் பார்த்தார். கணவர் தரைவிரிப்பைப் பார்த்தார். உயரமான மனிதர். வாழ்நாள் முழுக்க லிஃப்ட் பழுது பார்த்தவர்.

"ஆவி பட்டா அலறுமேன்னுதான்" என்றார். "வேணாம்னுதான் சொன்னேன்."

"சொல்லிட்டு நாற்காலி மேல ஏறினது யாராம்?"

"கீழேர்ந்து பிடிச்சுக்கிட்டது யாரு?"

"சார், இது விளையாட்டு இல்ல" என்றார் துண்டண்ணன். "மேல அவ்வளவு பெரிய சாப்பாட்டு ஹால் இருக்கு. காபி எப்பவும் இருக்கு. இலவசம் வேற."

"அதுக்குப் பேரு காபியா?" என்றார் டீச்சர். "பட்டன அமுக்கினா அந்த மிஷின் ஒரு பெருமூச்சு விடுது. அப்புறம் பாத்திரம் கழுவின தண்ணியில கொஞ்சம் விடுது. நான் எதுவும் பெருசா கேக்கலியே. நல்லாக் கொதிச்ச தண்ணி. அவ்வளவுதான். தூளு, வடிகட்டி எல்லாம் என்கிட்ட இருக்கு."

இந்த இடத்தில் துண்டண்ணன் நேராக மேடத்திடம் போயிருக்க வேண்டும். போகவில்லை. இரக்கம் என்று சொல்ல முடியாது. சோதனை முடியும் வரை தன் நடைவழியில் ஒரு சத்தமும் வரக் கூடாது என்ற பயம்தான்.

"கொதிக்கிற தண்ணிய நான் கொண்டு வந்து தரேன். இது என்கிட்ட இருக்கட்டும். இறங்கும்போது வாங்கிக்குங்க. தொப்பியப் பத்தி நான் எதையும் பார்க்கல. தூளக் கழிப்பறையில கொட்டாதீங்க, குப்பையில போடுங்க. சரிதானா?"

"தண்ணி நிஜமாவே கொதிக்கணும்" என்றார் டீச்சர்.

சுருளைத் தள்ளுவண்டியில் துண்டு அடுக்குக்கு அடியில் செருகிவைத்தார்.

வெந்நீர் இருக்கும் சின்னச் சமையலறை நடைவழியின் மறுகோடியில். மறுநாள் காலை ஃபிளாஸ்க்கில் பிடித்துக்கொண்டு வந்தார். டீச்சர் மூடியைத் திறந்து, ஆவியைப் பார்த்து, மூடி, திருப்பி நீட்டினார்.

"வழியிலயே ஆறிடுச்சு. தூள் மேல விழுந்ததும் பொங்கி வரணும். இது சும்மா நனைக்கும்."

"அம்மா, எனக்கு இன்னும் பத்துப் பதினஞ்சு ரூம் இருக்கு."

"அப்ப ஓடி வாங்க. இல்லன்னா என்னோடத என்கிட்டயே குடுத்துடுங்க."

ஓடினார். ஃபிளாஸ்க்கைத் துண்டில் சுற்றி, இடுப்பில் அணைத்து, திறந்த கதவுகளுக்கெல்லாம் வணக்கம் சொல்லிக்கொண்டே ஓடினார். இந்த முறை தூள் பொங்கியது. வாசம் கதவிடுக்கு வழியாக வெளியே வந்து நடைவழி முழுக்க நடந்தது.

அடுத்த நாள் பக்கத்து அறைக்காரர் வாசலில் கையில் கோப்பையோடு நின்றார். "அவங்களுக்கு மட்டும்தானாங்க?" அவருக்கு அடுத்த அறையில் ஒரு பாட்டுக்கார அம்மா. அவருக்குத் தொண்டைக்கு வெந்நீர் வேண்டுமாம். எதிர் அறையில் கைக்குழந்தை. டீச்சரோ தாராள மனசுக்காரர். கேட்டவர்களுக்கெல்லாம் தன் தூளில் ஒரு பிடி கொடுத்து, "தண்ணிதானே, தம்பி கொண்டு வருவார்" என்று சொல்லியிருந்தார். துண்டண்ணனுக்கு ஓட்டமே பிழைப்பாகிப்போனது. மடிக்கிற யானைக்குத் தும்பிக்கை வைக்க நேரமில்லை. பாதிக்கு மேல் முயலாகவே முடித்தார். அதிலும் ஒரு முயல் நாய் போல இருந்தது.

மேடம் சொல்லாமல் கொள்ளாமல் சோதனைக்கு வந்தபோது துண்டண்ணன் நடைவழியின் நடுவில், இரண்டு கக்கத்திலும் ஃபிளாஸ்க்கோடு, வேர்த்து வடிந்துகொண்டிருந்தார். மூன்று அறைகளில் படுக்கைகூட விரிக்கவில்லை.

"என்ன நடக்குது இங்க? நீங்க ரூம் பாக்கறவரா, வெந்நீர் விக்கறவரா?"

"ஒரு பயணி கேட்டாங்க மேடம்."

மேடம் வழக்கம் போலத் தள்ளுவண்டியைச் சோதிக்க ஆரம்பித்தார். மேல் துண்டு, நடுத் துண்டு, அடித் துண்டு. கம்பிச் சுருள் கணீரென்று தரையில் விழுந்தது.

"இது?"

"கிடந்துச்சு மேடம். போன பயணத்துல யாரோ விட்டுட்டுப் போயிருப்பாங்க."

மூலை அறைக் கதவு திறந்தது.

"இல்லியே, அது என்னோடது" என்றார் டீச்சர். "நீங்கதானே வாங்கி வச்சீங்க? ஏன் தம்பி பொய் சொல்றீங்க?"

துண்டண்ணன் கண்ணால் கெஞ்சினார். பரீட்சை ஹாலில் இந்தக் கண்களை முப்பது வருடம் பார்த்தவர் டீச்சர். அசையவில்லை.

உள்ளிருந்து கணவரின் குரல் வந்தது. "தொப்பி விஷயத்த மட்டும் சொல்லிடாத."

"எந்தத் தொப்பி?" என்றார் மேடம்.

எல்லாம் வெளியே வந்தது. சுருள் பறிபோனது. டீச்சரும் கணவரும் வரவேற்பு மேசையில் நெடுநேரம் திட்டு வாங்கினார்கள். கூரையில் இப்போது தொப்பி இல்லை, வயதானவர்கள் வேறு என்று இறக்கிவிடாமல் விட்டார்கள். துண்டண்ணனை மேடம் துணி வைக்கும் அறைக்குள் கூப்பிட்டார்.

"உங்க பேரத்தான் எழுதியிருந்தேன்."

துண்டண்ணன் அடுக்கிலிருந்த ஒரு துண்டின் ஓரத்தை நேராக்கினார்.

"கூரையப் பார்த்த அன்னைக்கே வந்து சொல்லியிருந்தா, நல்ல வேலை செஞ்சீங்கன்னு சொல்லியிருப்பேன். தீ விஷயத்த மறைக்கிறவர மேல உக்கார வச்சா, கீழ இருக்கிற எல்லாரும் மறைப்பாங்க. நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க."

மேடம் சொன்னது சரி. அதுதான் அவருக்கு எல்லாவற்றையும்விட எரிச்சலாக இருந்தது. திட்டுவதற்குக்கூட ஆள் இல்லை.

மறுநாள் காலை தண்ணீர் கொண்டு போனபோது அவருக்குப் பதவி போன செய்தி டீச்சருக்குத் தெரிந்திருந்தது. குழாயைப் பார்க்க வந்த குழாய்க்காரர் சொல்லியிருக்கிறார்.

"நான் போய் அந்தப் பொண்ணுகிட்ட பேசறேன். நியாயத்த எடுத்துச் சொன்னா கேட்டுக்கும்."

"அம்மா, நீங்க பேசாம இருந்தாலே போதும். பெரிய உதவியா இருக்கும்."

டீச்சர் ஒரு கோப்பையை நிரப்பி நீட்டினார். "இதையாவது குடிச்சிட்டுப் போங்க."

"ட்யூட்டியில குடிக்கக் கூடாதும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். இனிமேலாவது விதிப்படி நடப்போம் என்ற வீம்பு.

மதியம் கப்பல் துறைமுகத்தில் நின்றது. சிக்னல் கிடைக்கும் கிடங்குச் சுவரோரம் உட்கார்ந்து மனைவிக்கு ஃபோன் செய்தார். பதவி கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்லி வைத்துவிட நினைத்திருந்தார். அவள் விடவில்லை. குழாயிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. தொப்பிக்கு அவள் சிரிக்கவில்லை. சுருள் விழுந்த இடத்தில், "அதத் தூக்கிக் கடல்ல போட்டுத் தொலைச்சிருக்கக் கூடாதா" என்றாள். அது அவருக்குத் தோன்றவே இல்லை.

"அடுத்த வருஷமும் ஒன்பது மாசம்தானா?"

"ஆமா."

"பொண்ணுகிட்ட யாரு சொல்றது?"

"நானே சொல்றேன். சாயந்திரம் குடு."

எதிர்முனையில் அலமாரிக் கதவோ என்னவோ மூடும் சத்தம் கேட்டது.

"அந்தம்மா காபி நல்லா இருந்துச்சா?"

"எனக்கென்ன தெரியும். குடிக்கல."

"குடிக்கவே இல்லையா?"

"ட்யூட்டியில குடிக்கக் கூடாது."

மனைவி மூச்சை இழுத்து விடுவது கேட்டது. "ஒரு காபிக்காக வந்த வேலைய விட்டீங்க. அந்தக் காபியவாவது குடிச்சிருக்கலாம்ல?" என்றாள்.