கோட்டூர்புரம் மனையில் கேட்ட குரல்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். பன்னிரண்டு வருஷமாக சிவில் இன்ஜினியர், பூமி பூஜையில்கூட வாட்சைப் பார்த்துக்கொண்டுதான் நிற்பேன். அதனால் இதைக் கேட்டுவிட்டு "வெயில்ல மயக்கம் வந்திருக்கும் மேடம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னவர்களையெல்லாம் நினைத்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

கோட்டூர்புரத்தில் ஆற்றுப் பக்கமாக ஒரு மனை. ரோட்டிலிருந்து பின்னால் போகப் போக ஆறடி சரிவு. பின்பக்கம் தாங்குசுவர் கட்டி, கிராவல் மண் கொட்டி, அரையடிக்கு ஒரு தடவை தண்ணீர் விட்டு ரோலர் ஓட்டி, ரோடு மட்டத்துக்குக் கொண்டுவந்தால்தான் வீட்டுக்குத் தளம் போட முடியும். "இது எப்பவுமே காலி இடம்தாம்மா" என்று மனைக்காரர் முதல் நாளே சொன்னார். நானும் மேலே ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மண் மட்டத்துக்கு வந்த மறுநாள் காலை, பின்மூலையில் ஒரு சாண் இறங்கியிருந்தது. மண் இறங்குவது சகஜம்தான், ஆனால் அது கண்டபடி இறங்கும். இது கத்தியால் வெட்டின மாதிரி பத்துக்குப் பத்து சதுரம். நிரப்பினோம். மறுநாளும் அதே சதுரம். மூன்றாம் நாள் மனைக்காரர் எல்லோர் முன்னாலும் கத்தினார். "பொம்பளைகிட்ட வேலையக் குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்."

வந்த கோபத்தில் நான் மதியச் சாப்பாட்டுக்குக்கூடப் போகவில்லை. ஆட்கள் நிழலுக்குப் போய்விட்டார்கள், மேஸ்திரி காதர் பாய் மட்டும் கூட இருந்தார். கடப்பாரையை எடுத்துக்கொண்டு அந்தச் சதுரத்துக்குள் இறங்கி, எங்கே பொந்து இருக்கிறது என்று ஓங்கி ஓங்கிக் குத்தினேன். நம்பினால் நம்புங்கள், நாலாவது குத்தில் என் காலுக்குக் கீழேயிருந்து ஒரு பெண் குரல்.

"யார்மே அது கூரை மேல? புள்ள தூங்கினு கீறான், எறங்கு!"

முனகல், ஓலம் எதுவும் இல்லை. அடுப்படியிலிருந்து எழுந்துவந்து கத்துகிற, நல்ல கோபமான குரல். காதர் பாய் என் கையைப் பிடித்து வெளியே இழுத்தார்.

"உங்களுக்கும் கேட்டுச்சா பாய்?"

"கேட்டுச்சும்மா. அங்க மட்டும் நிக்காதீங்கோ."

மனைக்காரரிடம் சொன்னேன். வெயில் என்றார். இரண்டு நாள் வீட்டில் உட்கார்ந்திருந்தேன், அவர் சொன்னதுதான் சரி என்று என்னை நானே நம்பவைத்துக்கொண்டேன், திரும்பிப் போய் அந்த மூலையில் மட்டும் ஆழமாகத் தூண் இறக்கி, கம்பி கட்டி, தளத்தைப் போட்டேன். நான்தான் போட்டேன். அந்த ஆளைவிட என்னைத்தான் இன்றைக்கு அதிகம் திட்டிக்கொள்கிறேன்.

அந்த வீட்டில் மனைக்காரர் குடும்பத்தோடு குடியேறிய பிறகு ஒருநாள் பாய் போன் செய்தார். தெருமுனையில் விசாரித்தாராம். அந்தச் சரிவு முழுக்கக் குடிசைகள் இருந்திருக்கின்றன. ஒரே நாளில் இடித்து, எல்லோரையும் லாரியில் ஏற்றி, ஊருக்கு வெளியே ஒரு அடுக்குமாடிக்கு அனுப்பிவிட்டார்கள். காலி இடமாம்! அந்த மூலை வீடு சரசா என்கிற அம்மாவுடையது.

"எப்ப செத்தாங்க பாய்?"

"சாவலம்மா. உசுரோட கீறாங்கோ. அதான் போன் பண்ணேன்."

போனோம். எட்டாவது மாடி, அதற்கு மேல் மொட்டைமாடிதான். கதவைத் திறந்த சரசா அம்மா "யாரும்மா?" என்றார். அதே குரல். இன்ஜினியர் என்று மட்டும் சொன்னேன், அதற்கே என்னை உள்ளே இழுத்தார்.

"நீயாவது இன்னான்னு பாரு. மொதல்ல ஒருநாள் மத்தியானம் யாரோ கடப்பாரையால குத்துனாங்கோ, கத்துனேன், நின்னுச்சு. இப்போ தெனிக்கும் நாற்காலி இழுக்குறாங்கோ, புள்ளைங்கோ ஓடுது. ஆபீஸ்ல போய்ச் சொன்னா, மேல வூடே இல்லன்றான்."

மொட்டைமாடிக் கதவைப் போய்ப் பார்த்தேன். பூட்டு துருவேறி இறுகிக் கிடந்தது. திரும்பி வந்து அவர் வீட்டுக்குள் நிற்கும்போதே தலைக்கு மேலே நாற்காலி இழுபட்டது. தொடர்ந்து ஒரு ஆண் குரல், சாப்பாட்டில் உப்பு இல்லை என்று யாரிடமோ கத்தியது. மனைக்காரரின் குரல். எத்தனை நாள் அதனிடம் திட்டு வாங்கியிருக்கிறேன், எனக்குத் தெரியாதா?

சரசா அம்மா ஒட்டடைக்கம்பை எடுத்து, அதன் அடிமுனையால் கூரையை ஓங்கி இடித்தார்.

மேலே சட்டென்று அடங்கியது. கொஞ்ச நேரம் கழித்து அதே ஆள், குரல் உள்ளே போய், பயந்து கேட்டார்.

"கீழ யாரு?"