கூறைக்குக் காட்டிய சூடு

என் மனைவி தைப்பார், நான் அயன் பண்ணுவேன். ஸ்காபரோவில், மல்வேர்ன் பக்கம், எங்கள் டவுன்ஹவுஸின் பேஸ்மென்டில் இருபது வருடமாக இந்த ஏற்பாடுதான். வருகிறவர்களின் புகழ்ச்சியும் குறையும் அவருக்கே போகும். எனக்குக் கிடைப்பது, "அண்ணை சும்மாதானே நிக்கிறார், இதையும் ஒருக்கா மினுக்கித் தரட்டும்" என்ற உத்தரவு. எங்கள் பேச்சில் மினுக்குவது என்றால் அயன் பண்ணுவது. ஆனால் அவர்கள் சொல்கிற விதத்தில் அது ஏதோ தூசி தட்டுகிற வேலைபோல இருக்கும்.

உண்மையில் சேலைக்குப் போடும் ஒரு சாறிச் சட்டை பாதி மெஷினில் உருவாகிறது, பாதி என் பலகையில். ஒவ்வொரு தையலும் முடிந்ததும் என்னிடம் வரும். தையலை விரித்து, அயன் பெட்டியை வைத்து, எடுக்க வேண்டும். இழுக்கக் கூடாது. இழுத்தால் கழுத்து அலையடிக்கும், உடுத்துகிறவர் மனைவியைத் திட்டுவார், மனைவி என்னைத் திட்டுவார்.

இதெல்லாம் நான் படித்தது கெடுத்த துணிகளில். ஒரு வெல்வெட் சட்டையை நேராக வைத்து அழுத்தி, பெட்டியின் முகத்தை அப்படியே அதன் முதுகில் பதித்தேன். அதற்குப் பிறகுதான் வெல்வெட்டைத் துவாய்த் துண்டின்மேல் கவிழ்த்துப் போட்டு, ஸ்டீமரின் ஆவியைத் தூர நின்று காட்டப் பழகினேன். பருத்திக்குத் தெளிப்பதுபோல ஒருநாள் பட்டுக்கும் தண்ணீர் தெளித்தேன். பட்டு ஒவ்வொரு துளியையும் வட்டம் வட்டமாக ஞாபகம் வைத்திருந்தது. கம்பளிக் கோட்டுக்கு ஈரத்துணியும் பொறுமையும் வேண்டும். லினனை ஈரம் காயும் முன்னமே அழுத்தி முடித்துவிட வேண்டும்.

துணியைவிட எனக்கு அதைக் கொண்டுவருகிறவர்களின் வாயில் வரும் சொற்கள்தான் பிடிக்கும். ஒருவர் எதைக் கொண்டுவந்தாலும், "முகம் கழுவின மாதிரி இருக்கோணும்" என்பார். இன்னொருவர் லினன் சேர்ட்டைத் தந்துவிட்டு, இதைப் போட்டுக்கொண்டு காரில் ஏறும்போது மாப்பிள்ளை, இறங்கும்போது மாப்பிள்ளையின் தகப்பன் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அப்படியே நின்று சிரித்ததில் அவருடைய மற்றச் சேர்ட்டின் கொலர் கொஞ்சம் மஞ்சளாகிவிட்டது.

சில வருடங்களாகச் சேலைக்கு மடிப்பு வைத்துக் கொடுக்கும் வேலையும் சேர்ந்துகொண்டது. முன் கொசுவமான கொய்யகம், முந்தானை எல்லாவற்றையும் முன்கூட்டியே மடித்து, அயன் பண்ணி, கிளிப் போட்டுப் பெட்டிபோலக் கட்டிக் கொடுத்துவிடுவேன். இங்கே பிறந்த பிள்ளைகள் ஐந்து நிமிடத்தில் உடுத்திவிடுவார்கள். இதில்தான் எனக்குப் பெயர் வந்தது. பெயர் வந்தால் கூடவே என்ன வரும் என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

ஒரு ஆடி மாதத்துக்கு முன்னால், கலியாணங்கள் அவசரப்படுகிற காலத்தில், அஜின்கோர்ட்டிலிருந்து ஒரு பெண்ணின் தாயார் கூறைச்சேலையோடு வந்தார். கூறை மாப்பிள்ளை வீட்டார் எடுப்பது. கலியாண மண்டபத்தில் அதைத் தாலியோடு தட்டத்தில் வைத்து, வந்திருக்கும் எல்லோரும் தொட்டு ஆசீர்வதித்த பிறகு, பெண்ணிடம் கொடுப்பார்கள். அவள் போய் அதை உடுத்திக்கொண்டு வந்து தாலிக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். மேடையில் அதை முதன்முதலாகக் காண்பதுபோலவே எல்லோரும் பார்ப்பார்கள். ஆனால் சட்டை தைக்க வேண்டும், மடிப்பு வைக்க வேண்டும் என்று அதற்குள் அந்தக் கூறை ஸ்காபரோவை இரண்டு சுற்றுச் சுற்றியிருக்கும்.

"பாரத்தைப் பாருங்கோ அண்ணை," என்று தாயார் அதை என் இரண்டு கையிலும் குழந்தையைத் தருவதுபோல் தந்தார். "காஞ்சிபுரத்திலை சொல்லி நெய்விச்சது. சம்பந்தி வாய் திறந்து சொல்லேல்லை. எனக்குப் பாத்த உடனை தெரிஞ்சிட்டுது."

அவருக்குத் தெரிந்துவிட்டதால் எனக்கும் தெரிந்துவிட்டது. அப்படித்தான் நடந்தது. என் விரலை நான் கேட்கவே இல்லை.

மனைவிதான் சட்டைத்துண்டை வெட்டும்போது கத்தரிக்கோலை நிறுத்தினார். பட்டென்றால் கத்தரிக்கோல் நறநறவென்று கடித்துக்கொண்டு போகும், இது வழுக்குகிறது என்றார். சந்தேகம் வந்தால் எங்களிடம் ஒரு பரிசோதனை உண்டு. ஓரத்தில் ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டுவோம். பட்டு என்றால் தலைமயிர் கருகும் மணத்தோடு சாம்பலாகி உதிரும். பொலியெஸ்டர் உருகி, மிளகுபோல ஒரு கறுப்பு மணியாகும். நான் முந்தானைக் குஞ்சத்தில் ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு லைட்டரைத் தேடினேன்.

"இஞ்சாருங்கோ, உங்களுக்கென்ன விசரோ? தாலி ஏற முன்னம் கூறையிலை நெருப்பு வைக்கப் போறியளோ?"

நியாயம்தான். ஒரு நூல் என்றாலும் கூறை கூறைதானே. லைட்டரைத் திரும்ப மேசைக்குள் வைத்தேன். நெருப்பு வைக்கக் கூடாத அந்தச் சேலைக்கு அடுத்தநாள் அயன் பெட்டி வைக்கப்போகிறோம் என்பது எங்கள் இருவருக்கும் வித்தியாசமாகவே தோன்றவில்லை.

அன்று பின்னேரம் மாப்பிள்ளையின் தாயார் போன் எடுத்தார். வோபர்னில் இருக்கிறார், தனியாகப் பிள்ளையை வளர்த்தவர், அதிகம் பேசமாட்டார். கூறைக்குச் சூட்டைக் குறைத்துப் பிடிக்கும்படியும், மேலே ஒரு துணியைப் போட்டுக்கொண்டு மெல்லமாகச் செய்யும்படியும் கேட்டார். அவ்வளவுதான். நான் "ஓம் ஓம்" என்று வைத்துவிட்டு, மனைவியிடம் அரைமணித்தியாலம் குமுறினேன். பட்டுக்கு எவ்வளவு சூடு என்று எனக்கே சொல்லித் தருகிறாராம்.

நான் எந்தச் சேலைக்கும் பழைய வேட்டித்துண்டு ஒன்றை மேலே போட்டுத்தான் அயன் பண்ணுவேன். அது என் வழக்கம். அவர் சொன்ன ஒரே காரணத்துக்காக வியாழக்கிழமை காலை அதைப் போடவில்லை. பட்டுக்குரிய சூட்டில் பெட்டியை வைத்து, முந்தானையின் பின்பக்கத்தைத் திருப்பி, சரிகைக் கரையில் வைத்தேன்.

பெட்டி வழமைபோல வழுக்கிப் போகவில்லை. பிடித்துக்கொண்டது. எடுத்தபோது உள்ளங்கை அளவில் துணி சுருங்கி, பளபளவென்று, வறுத்த அப்பளத்தின் ஓரம்போல நெளிந்திருந்தது. சரிகை பொங்கி நின்றது. மணம் வந்தது, தலைமயிர் மணம் அல்ல.

மனைவி மெஷினை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார். லைட்டரைத் தானே எடுத்து, குஞ்சத்தில் ஒரு நூலை உருவிப் பிடித்தார். மிளகு மணி.

ஞாயிற்றுக்கிழமை கலியாணம். முதலில் என் பெயரை நினைத்துத்தான் பயந்தேன், மறைப்பானேன். கூறையைக் கருக்கியவன் என்று ஒருமுறை பெயர் வந்தால் பேஸ்மென்டுக்குள் யார் இறங்குவார்கள்? அதற்குப் பிறகுதான் மாப்பிள்ளையின் தாயாருடைய ஞாபகம் வந்தது. யாரோ கடைக்காரன் பட்டென்று சொல்லி அவரை ஏமாற்றியிருக்கிறான். இதை வெளியே சொன்னால் சம்பந்தி முன்னால் அவர் தலைகுனிய வேண்டும். சொல்லாவிட்டால் நல்ல பட்டைக் கெடுத்தவனாக நான் நிற்க வேண்டும். மனைவி, முதலில் அவருக்குத்தான் சொல்ல வேண்டும் என்றார். போன் எடுத்து, ஒரு சின்ன விசயம், ஒருக்கால் வந்து போகும்படி கேட்டேன்.

வந்தார். வேலைக்குப் போகிற உடுப்போடு, கையில் பஸ் கார்ட்டோடு நின்றார். நான் தேத்தண்ணி கொடுத்து, கடைக்காரர்களின் பொய்கள் பற்றிப் பொதுவாகத் தொடங்கி, இந்தக் காலத்தில் கண்ணுக்குத் தெரியாது, படித்தவர்களே ஏமாறுகிறார்கள் என்று சுற்றிச்சுற்றி வந்தேன். அவர் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு இடைமறித்தார்.

"அண்ணை, அது பட்டில்லை எண்டு எனக்குத் தெரியும். கேட்டு வாங்கினனான்."

மனைவி கதிரையை இழுத்து அவர் பக்கத்தில் இருந்தார்.

அவர் சொன்னது இதுதான். கலியாணப் பெண் பட்டு உடுத்துவதில்லை. நூலுக்காகப் புழுவைக் கூட்டோடு அவிக்கிறார்கள் என்று எங்கேயோ பார்த்த நாளிலிருந்து விட்டுவிட்டாள். தாயாரிடம் சொன்னாள். இரண்டு நாள் சாப்பாட்டு மேசையில் சண்டை. பட்டில்லாத கூறையும் ஒரு கூறையா, சனம் என்ன கதைக்கும் என்று தாயார் முடித்துவிட்டார். அதற்குப் பிறகு பிள்ளை பஸ் ஏறி வோபர்னுக்கு வந்திருக்கிறாள்.

"என்னட்டைத்தான் கேட்டது, அன்ரி எனக்காகச் செய்வீங்களோ எண்டு. மருமகள் முதல் முதலாக் கேட்டதை நான் இல்லையெண்டு சொல்லுறதோ, அக்கா?" என்று மனைவியைப் பார்த்தார். "நான் ஒருத்தருக்கும் பட்டெண்டு சொல்லேல்லை. சம்பந்திதான் தானாச் சொல்லிக்கொண்டு திரியிறா. தாலி ஏறும் மட்டும் அவ திரியட்டும்."

அப்படியென்றால் போனில் அவர் எனக்குப் பாடம் எடுக்கவில்லை. தன்னால் முடிந்தவரை உண்மையைச் சொல்லியிருக்கிறார். மேலே துணி போடச் சொன்னார், நான் ரோசத்தைப் போட்டேன்.

முந்தானையை எடுத்துக் காட்டினேன். அவர் அந்தச் சுருக்கத்தை விரலால் தடவிப் பார்த்தார். முகம் மாறியது. "தட்டம் எல்லாருக்கும் முன்னாலை போகும், அண்ணை," என்றார். அதுதான் விசயம். ஆசீர்வாதம் என்ற பெயரில் எங்கள் பெண்கள் கூறையைத் தொடுவது எப்படியென்று நான் சொல்லத் தேவையில்லை. இரண்டு விரல் கும்பிடும், மூன்றாவது விரல் சரிகையைச் சுரண்டும்.

முந்தானைக்கு வழக்கமாக ஐந்து மடிப்பு வைப்பேன். அன்று அளந்து அளந்து ஏழு வைத்தேன், ஒவ்வொன்றும் ஒடுக்கமாக, கருகிய இடம் மூன்றாவது மடிப்பின் உள்வயிற்றுக்குள் போகிற மாதிரி. சூட்டைக் கடைசிக்குக் குறைத்து, வேட்டித்துண்டை இரண்டாக மடித்துப் போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினேன். மாப்பிள்ளையின் தாயார் தேத்தண்ணிக் கோப்பையோடு பக்கத்தில் நின்று ஒவ்வொரு மடிப்பையும் பார்த்தார். இந்தமுறை அவர் சொல்லச் சொல்லக் கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் நாங்கள் நடுவரிசையில் இருந்தோம். தட்டம் வந்தது. தாலி, தேங்காய், பூ, அடியில் கூறை. பெண்ணின் தாயார் தட்டத்துக்கு முன்னால் வழிகாட்டிக்கொண்டு வந்தார். மாப்பிள்ளையின் தாயார் பின்னால் இரண்டு அடி தள்ளி, தட்டத்தை மட்டுமே பார்த்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு வரிசையிலும் விரல்கள் கும்பிட்டன, சுரண்டின. எங்களுக்கு முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா கரையைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பார்க்கப் போனார். மனைவி என் முழங்கையைப் பிடித்தார். அந்த அம்மாவின் காப்பு பூவில் மாட்டிக்கொண்டதால் கரை தப்பியது.

எங்களிடம் வந்ததும் பெண்ணின் தாயார் தட்டத்தை நிறுத்தினார்.

"இந்தா, துணி தெரிஞ்சவர் இருக்கிறார். நீங்களே சொல்லுங்கோ அண்ணை, எப்பிடிக் கூறை?"

நாலு கதிரைகள் திரும்பின. பின்னால் நின்றவர் தட்டத்திலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். நான் பொய் சொல்லி நிறையத் துணிகளைக் காப்பாற்றியிருக்கிறேன். ஆனால் ஆசீர்வதிக்கக் கையை வைத்துக்கொண்டு பொய் சொல்ல வாய் வரவில்லை.

"இத்தினை வருசத்திலை எத்தினையோ கூறை பிடிச்சிருக்கிறன், தங்கச்சி," என்றேன். "இப்பிடி யோசிச்சு எடுத்த ஒண்டை நான் காணேல்லை."

பெண்ணின் தாயார் நிமிர்ந்து எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். தட்டம் நகர்ந்தது. பின்னால் வந்தவர் போகும்போது என் கதிரையின் முதுகில் ஒரு கணம் கையை வைத்துவிட்டுப் போனார்.

பிள்ளை கூறை உடுத்திக்கொண்டு வந்தாள். தாலி ஏறியது. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. சடங்கு, சாப்பாடு, படம் எடுப்பு, ஆட்டம் எல்லாம் முடிந்தும் அந்த ஏழு மடிப்பும் கத்திபோல அப்படியே நின்றன. பட்டு என்றால் ஒரு மணித்தியாலத்தில் களைத்து உடம்போடு சாய்ந்துவிடும். பொலியெஸ்டருக்குக் களைப்பே கிடையாது. வைத்த இடத்தில் நிற்கும். பெண்கள் தோளைக் காட்டிக் காட்டிக் கதைத்தார்கள். பெண்ணின் தாயார் ஒவ்வொரு மேசைக்கும் போய், இது இன்னாருடைய கைவேலை என்று என்னைக் காட்டினார்.

அடுத்த கிழமை பேஸ்மென்டுக்கு ஒன்பது பட்டுச்சேலைகள் வந்தன. எல்லாம் அசல். எல்லோருக்கும் ஒரே கோரிக்கை, அந்தக் கூறைக்கு வைத்த மாதிரி. நானும் ஏழு மடிப்பு வைத்து, வேட்டித்துண்டைப் போட்டு, ஆவி காட்டி, ஆறவிட்டு, என்னென்னமோ செய்து பார்க்கிறேன். பட்டு என் சொல்லைக் கேட்டு வாசல்வரை போகிறது, மண்டபத்தில் தன் குணத்தைக் காட்டிவிடுகிறது. போன மாதம் ஒருவர் சேலையைத் திரும்பக் கொண்டுவந்து என் பலகையில் போட்டார்.

"அண்ணை, அஜின்கோர்ட்டுக் கலியாணத்துக்கு எண்டால் ஒரு வேலை, எங்களுக்கு எண்டால் ஒரு வேலையோ?"

என்னிடம் பதில் இருந்தது. அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. மனைவி மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல், "அண்டைக்கு அவருக்குக் கை நல்லா இருந்தது, இப்ப வயசு போயிட்டுது," என்றார். வந்தவர் என்னை இரக்கத்தோடு பார்த்துவிட்டு, இன்னொருமுறை முயன்று பார்க்கச் சொன்னார். நான் பெட்டியைச் சூடாக்கினேன்.