பித்தளை விரல்

நம்பாதவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். இது நடந்தது. அதுவும் பட்டப்பகலில், வெளியே பூட்டுப் போட்டிருந்த ஒரு லேத் பட்டறையில்.

பட்டறையை நடத்துகிறவளைத் தெருவே சின்னக்கா என்றுதான் கூப்பிடும். இரும்பைக் கடைந்து யார் எந்த அளவில் கேட்டாலும் செய்து தருவாள். கணவர் வெல்டர், பக்கத்து ஷெட் அவருடையது. பழைய இரும்புக் கடையில் தாத்தா காலத்து லேத் ஒன்று கிடப்பதைப் பார்த்ததும் அவளுக்குக் கை துறுதுறுத்தது. இரும்பைக் கவ்விப் பிடிக்கும் சக், பல்சக்கரங்கள், ஒரு மரப்பெட்டி நிறைய உதிரிகள் என்று எல்லாவற்றையும் சேர்த்து வாங்கிவந்தாள். துருவைத் தேய்த்து, மோட்டாரும் தோல் பெல்ட்டும் மாட்டினாள். லேத் வழுக்கிக்கொண்டு ஓடியது.

கொஞ்ச நாள் ஒன்றுமில்லை.

ஒரு மதியம், சாப்பிட்டுவிட்டு வந்து பூட்டைத் திறந்தாள். லேத்தின் அடித்தட்டில் மஞ்சள் சுருள்கள். பித்தளைச் சீவல். காலையிலிருந்து அவள் கடைந்தது இரும்பு மட்டும்.

"நீங்க ஏதாவது கடைஞ்சீங்களா?"

"எனக்கு அதைத் தொடவே தெரியாது. சாவியும் உன் இடுப்புலதானே இருக்கு?" என்றார் கணவர்.

மறுநாள் மதியம் சக்கைத் தொட்டாள். சுட்டது.

அதற்கு மறுநாள், பூட்டில் சாவியை நுழைக்கும்போதே உள்ளே சத்தம். கிர்ர்ர்... கிர்ர்ர்... கதவைத் தள்ளினாள். சத்தம் நின்றது. பிளக் கழற்றியபடியே தரையில் கிடந்தது.

"வித்துடு. நமக்கு எதுக்கு வம்பு?" என்றார் கணவர்.

"துரு போக உயிரைக் குடுத்துத் தேய்ச்சவ நான். போறதுன்னா அதுக்குள்ள இருக்கறது போகட்டும்."

அடுத்த மதியம் கிளம்பும்போது லேத்தைப் பார்த்துச் சொன்னாள். "இது என் மெஷின். நீ யாரா இருந்தாலும் சரி, செய்யறதைச் செஞ்சு முடிச்சிட்டு இடத்தைக் காலி பண்ணு."

திரும்பி வந்தபோது வேலை முடிந்திருந்தது.

சக்கின் கீழே ஒரு பித்தளை உறை. ஒரு முனை திறந்திருந்தது, மறு முனை உருண்டையாக மூடியிருந்தது. நடுவில் மெல்லிய இரண்டு கோடுகள். என்னவென்றே புரியவில்லை. சும்மா இடது மோதிர விரலில் மாட்டிப் பார்த்தாள்.

அளவெடுத்தது போல் உட்கார்ந்தது.

இரண்டு கோடுகளும்... அவளுடைய விரல் கணுக்கள் இருந்த அதே இடத்தில்.

பெல்ட் அசைந்தது.

சக் சுற்றியது. மெல்ல... பிறகு வேகமாக.

பிளக் தரையில்தான் கிடந்தது.

உறையை இழுத்தாள். வரவில்லை.

கை தானாக நீண்டது. சக்கை நோக்கி...

ஒரு சாண்.

அரைச் சாண்...

வலது கைக்கு எண்ணெய்க் குப்பி எட்டியது. அப்படியே விரல்மேல் கவிழ்த்தாள். "என் விரல் எனக்கு வேணும்," என்றாள். குரல் நடுங்கவே இல்லை என்று இன்றைக்கும் சாதிக்கிறாள்.

உறை கழன்று விழுந்தது. சக் நின்றது.

அவள் ஓடவில்லை. பிளக்கை மாட்டினாள். அந்த உறையையே சக்கில் இறுக்கி, முழுதும் தூளாகும்வரை சீவித் தள்ளினாள். சத்தம் கேட்டு வந்த கணவர் வாசலைத் தாண்டவில்லை.

சாயங்காலம் பழைய இரும்புக் கடைக்காரருக்குப் போன் செய்தாள்.

"அண்ணே, இந்த லேத்துல முன்னாடி வேலை செஞ்சவருக்கு விரல் எல்லாம் இருந்துச்சா?"



"ஒண்ணு இல்ல தங்கச்சி. அந்த இடத்துல பித்தளை விரல் ஒண்ணு மாட்டியிருப்பாரு."

"விரல் போன பிறகு செஞ்சுக்கிட்டதா?"

"அங்கதான் எனக்கும் குழப்பம். மெஷின்லயே கிடந்துச்சுன்னுதான் சொல்வாரு. பயந்து தூக்கிக் கிணத்துல போட்டாராம். அடுத்த நாளே இன்னொண்ணு கிடந்துச்சாம். விரல் போனது அதுக்கப்புறம்தான்."

அவள் போனை வைத்தாள். பத்து விரலையும் விரித்துப் பார்த்தாள்.

மறுநாள் மதியம் அவள் வீட்டுக்குச் சாப்பிடப் போகவில்லை. லேத்துக்கு நேர் எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, டிபன் டப்பாவைத் திறந்தாள். கண்ணை எடுக்காமல் மென்றாள்.

"ம்... ஆள் இல்லாத மதியத்துலதானே செய்வே? இப்ப செய், பார்க்கலாம்."

இன்றுவரை அவளுக்கு மதியச் சாப்பாடு அங்கேதான்.